2,000 ரூபாய் பஸ் பாஸ்: ஓஎம்ஆருக்குத் தனியாகக் கார் ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 மார்ச்சில் கொண்டுவந்த 2,000 ரூபாய் மாதப் பாஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு முன்பே இருந்த 1,000 ரூபாய் பாஸில் ஏசி பஸ் ஏற முடியாது. இதில் ஏசி, டீலக்ஸ், எக்ஸ்பிரஸ், வெள்ளை போர்டு (சாதாரணக் கட்டண பஸ்) என்று எது வந்தாலும் ஏறிக்கொள்ளலாம். நான் அசோக் பில்லரில் ஏறி, ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற காரப்பாக்கத்தில் இறங்குகிற ஆள். வேலை கணக்குப் பிரிவில். அதனால் முதலில் கணக்கு.

போக இருபது கிலோமீட்டர், வர இருபது. மாதம் 22 வேலை நாள் என்றால் 880 கிலோமீட்டர். கிண்டியிலும் வேளச்சேரியிலும் ஊர்ந்து ஊர்ந்து போகிற என் கார் லிட்டருக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை கொடுத்தாலே பெரிய விஷயம். ஆக 70 லிட்டர் பெட்ரோல், சுமார் 7,000 ரூபாய். பாஸ் 2,000. மாதம் ஐந்தாயிரம் மிச்சம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதை வைத்து யாரும் கோட்டை கட்ட வேண்டாம். காரை நான் விற்கவில்லை. இன்சூரன்ஸ், சர்வீஸ், பேட்டரி எல்லாம் வழக்கம்போல் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பாஸின் அருமை பணத்தில் இல்லை, இடையில் இறங்கி மாறுவதில் இருக்கிறது. கோயம்பேட்டிலிருந்து கேளம்பாக்கம் போகிற 570 எனக்கு நேர் பஸ். டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் அந்த ஒரே பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் தவம் கிடப்பார்கள். மாறி மாறிப் போனால் ஏறும் ஒவ்வொரு பஸ்ஸிலும் தனி டிக்கெட் எடுக்க வேண்டுமே, அதுதான் காரணம். பாஸ் இருந்தால் அந்தக் கவலை இல்லை. கிண்டி போகிற எதுவானாலும் ஏறு, அங்கே வேளச்சேரி வண்டியைப் பிடி, எஸ்ஆர்பி டூல்ஸ் நிறுத்தம் வந்துவிட்டால் 102, 19, 570 என்று ஓஎம்ஆரில் தெற்கே போகிற எதுவும் நம் பஸ்தான். நேர் பஸ் பின்னாலேயே வந்து நம்மை முந்திக்கொண்டு போகிற நாளும் உண்டு. போகட்டும், நின்றுகொண்டே இருப்பதைவிட நகர்ந்துகொண்டே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சில்லறைக்காகப் பையைத் துழாவுகிற வேலையும் மிச்சம். “பாஸு” என்றால் கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

2025 ஆகஸ்ட்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் வந்தன. மொத்தம் 135 வண்டி, அதில் 55 ஏசி. தாழ்தளம் என்பதால் முட்டி வலிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. எனக்கும் இடது முட்டியில் வலி உண்டு, கிளச்சை மிதித்து மிதித்து வந்தது. இதில் ஒரு சின்னச் சங்கடம்: எஞ்சின் சத்தமே இல்லாததால் பின்சீட்டுக்காரர் போனில் பேசுவது அட்சரம் பிசகாமல் காதில் விழும். பெருங்குடி தாண்டுவதற்குள் அவருடைய புராஜெக்ட் ஏன் தள்ளிப்போனது என்று நமக்கும் புரிந்துவிடும்.

உட்கார இடம் கிடைத்தால் வலது பக்க ஜன்னல். காலையில் தெற்கு நோக்கிப் போகும்போது வெயில் இடது பக்கம் அடிக்கும். மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போதும் இடது பக்கம்தான். நம் ஊர் பஸ்ஸில் பெண்கள் சீட் எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை. போகும்போதும் வரும்போதும் அவர்கள் தலையில்தான் வெயில். என்றைக்கோ யாரோ போட்ட ஏற்பாடு, இன்றைக்கும் கேட்பாரில்லை.

பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். என் பிரிவில் இருக்கிற ஒரு அம்மாவிடம் இந்தப் பாஸைப் பெருமையாகக் காட்டினேன். “எனக்கு வெள்ளை போர்டு 2021 மேயிலிருந்தே இலவசம் சார். ரெண்டாயிரம் எதுக்கு?” என்றார். பதில் சொல்ல வழியில்லை. வெள்ளை போர்டு தாராளமாகக் கிடைக்கிற தடத்தில் போகிற பெண்களுக்கு இந்தப் பாஸ் தேவையே இல்லை.

அடுத்து நேரம். பஸ் காரைவிட வேகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறுத்தத்தில் நிற்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரைவிடக் கால் மணி நேரம், இருபது நிமிடம் கூடத்தான். ஓஎம்ஆர் பெயருக்குத்தான் ஆறு வழி. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்ததில் பாதி போய்விட்டது. மீதியில் எழுபது பேரை ஏற்றிய பஸ்ஸும், ஒரே ஒரு ஆளை ஏற்றிய காரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பஸ்ஸுக்கென்று ஒரு தடம் ஒதுக்காத வரை இது மாறப்போவதில்லை. மாலையில் சோழிங்கநல்லூரிலேயே வண்டி நிறைந்து வரும், காரப்பாக்கத்தில் ஏறுகிறவனுக்குக் கம்பிதான். ஏசி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

இதற்கு முன் ஒரு கார்பூலிங் செயலியையும் முயன்று பார்த்தேன், பெயர் வேண்டாம். காலை எட்டு மணிக்கு நிறுத்தத்தில் நின்றபிறகு “சாரி ப்ரோ, டுடே டபிள்யூஎஃப்எச்” என்று செய்தி வரும், அன்றைக்கு அவருக்கு வீட்டிலிருந்தே வேலையாம். அதற்கு நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த உபயோகக் காரில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது சட்டப்படி சரியா என்ற கேள்வி வேறு. ஒரே அடுக்குமாடியில் இருந்து ஒரே கம்பெனிக்குப் போகிற நான்கு பேர் முறை வைத்து ஓட்டினால் அருமையான ஏற்பாடு. முகம் தெரியாதவர்களிடம் அது எடுபடவில்லை.

சரி, இத்தனை இருந்தும் எங்கள் அலுவலகத்தில் பஸ்ஸுக்கு மாறியவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? பார்க்கிங். கட்டடக்காரருக்கு ஒவ்வொரு கார் இடத்துக்கும் மாதா மாதம் எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரியும், அந்த வவுச்சரைப் போடுகிறவனே நான்தான். தொகையைச் சொல்ல முடியாது. இந்தப் பாஸைவிட அதிகம் என்று மட்டும் சொல்கிறேன். காரில் வருகிறவருக்கு அது இலவசம். பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு பைசா கிடையாது. “என் பார்க்கிங் இடத்தை எடுத்துக்கொண்டு பாஸ் காசை மட்டும் கொடுங்கள், கம்பெனிக்கும் லாபம்” என்று எச்ஆர் மேடத்திடம் எழுதிக் கேட்டேன். பாலிசியில் இல்லையாம். ஆனால் சுற்றுச்சூழல் தினத்தன்று ‘கார் இல்லா நாள்’ என்று பேனர் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் செடி கொடுத்தார்கள். பெருங்குடி டோல் 2021ல் போயிற்று, நாவலூர் டோல் 2023ல் போயிற்று, ஆபீசில் பார்க்கிங்கும் சும்மா. பிறகு தனியாகக் காரில் வராதே என்றால் யார் கேட்பார்கள்?

கலிபோர்னியாவில் 1992லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் வாடகைக்கு எடுத்த பார்க்கிங்கை இலவசமாகத் தந்தால், அது வேண்டாம் என்கிறவருக்கு அந்தத் தொகையைப் பணமாகத் தர வேண்டும். எங்கள் எச்ஆருக்கு அடுத்த மின்னஞ்சலில் இதைச் சேர்க்கப்போகிறேன்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் பஸ்ஸும் திணறும்தான், ஆனால் சைலன்சருக்குள் தண்ணீர் போகுமா என்கிற கவலை நம்முடையது இல்லை.

யாருக்கு வாங்கலாம்? தினமும் அலுவலகம் போகிறவர்களுக்கு. மாதம் 44 நடை என்றால் நடைக்கு 45 ரூபாய் சொச்சம்தான் விழும். ஏசி பஸ்ஸில் உங்கள் டிக்கெட் அதைவிடக் குறைவாக இருந்து, வழியில் மாறவும் வேண்டியதில்லை என்றால் பாஸ் தண்டம். வாரம் மூன்று நாள் போகிறவர்களுக்கும் கட்டாது, நடைக்கு 77 ரூபாய் ஆகிவிடும். அவர்கள் முன்கூட்டியே பணம் போட்டுவைத்துப் பயன்படுத்துகிற சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளலாம். 2023ல் மெட்ரோவுக்காக வந்தது, 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்திலும் செல்லும். மின்சார ரயிலுக்கு மட்டும் அது ஆகாது, அதற்குத் தனி டிக்கெட்தான்.