பயனர் போகும் வழி: அனலிட்டிக்ஸா, கிளாரிட்டியா, பக்கத்து நாற்காலியா?

ஆன்லைன் கடை ஒன்றில் முகப்பு, தேடல், கூடை, பணம் என்று நாம் நேராக வழி போட்டு வைக்கிறோம். வருகிறவர்களோ கூடை வரை வந்து, டெலிவரி கட்டணம் எவ்வளவு என்று தேடிக்கொண்டு மறுபடி முகப்புக்கே போய்விடுகிறார்கள். இந்த அலைச்சலை எதை வைத்துப் பார்ப்பது?

தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் பாத் எக்ஸ்ப்ளொரேஷன் என்ற அறிக்கை இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் எங்கே போனார்கள் என்று கிளை பிரித்துக் காட்டும். அதில் எனக்குப் பிடித்தது பின்னோக்கிப் பார்க்கும் வசதி. ‘உதவி’ பக்கத்தை முடிவாக வைத்து, அங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். குழப்பம் தொடங்கும் இடம் ஓரளவு பிடிபடும். ஒன்று மட்டும் கவனம்: இந்தத் தரவை இயல்பாக 2 மாதம்தான் வைத்திருக்கும். முதல் நாளே அமைப்புகளில் 14 மாதமாக மாற்றிவிடுங்கள். அழிந்தது திரும்ப வராது.

மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி, தனித்தனி ஆளின் நடமாட்டத்தைப் பதிவு செய்து திரும்ப ஓட்டிக் காட்டும். இலவசம். எரிச்சலில் ஒரே இடத்தைப் படபடவென்று தட்டியவை, தட்டியும் ஒன்றும் நடக்காதவை என்று பிரித்தும் தரும். பொத்தான் மாதிரித் தெரியும் வெறும் படங்கள் இதில் உடனே மாட்டும். பெட்டிகளில் தட்டச்சு செய்வதை இயல்பாகவே மறைத்துவிடுகிறது, நல்ல விஷயம்.

ஆனால் என் அம்மா ஒரு பில் கட்டும் செயலியில் அந்த மூன்று கோடு மெனுவைத் தொடவே இல்லை. “அது சும்மா அழகுக்குப் போட்டதுன்னு நினைச்சேன்” என்றார். தொடாமல் விட்டதற்கான காரணம் எந்த ரெக்கார்டிங்கிலும் பதிவாகாது. அது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் கிடைக்கும். 5 பேரைச் சோதித்தால் சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று, தளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்தக் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு. பெரிய தளங்களுக்கு 5 போதாது என்பது அவர்கள் வாதம். சரி, எண்ணிக்கை எதுவானாலும், ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அவர் தடுமாறும்போது கை நீட்டிக் காட்டத் தோன்றும். காட்டிவிட்டால் அந்தச் சோதனை வீண்.

சிறிய குழு என்றால் நான் முதலில் நாற்காலியைத்தான் போடுவேன், அப்புறம் கிளாரிட்டி. அங்கே பார்த்த தடுமாற்றம் 3 பேருக்கா 3,000 பேருக்கா என்ற கேள்வி வரும்போது அனலிட்டிக்ஸைத் திறப்பேன். இரண்டு கருவிகளையும் இன்றைக்கே நிறுவி வைத்துவிடுங்கள். நிறுவுவதற்கு முந்தைய நாட்களின் தரவு எதிலும் கிடைக்காது.