காலையில் மட்டும் அடம் பிடித்த பிக்கப்

இந்த முறை ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஊருக்கு, சிங்கப்பூருக்குப் போனபோது விடுமுறையில் பாதி காக்கி புக்கிட் பக்கத்துப் பட்டறைகளில் கழிந்தது. தம்பி காய்கறி வியாபாரம் செய்கிறான். விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் சரக்கு ஏற்றி, தேக்கா பக்கத்து உணவகங்களுக்கு இறக்க வேண்டும். அவனுடைய டீசல் பிக்கப் காலையில் உயிர் பெற மறுத்தால் அன்றைய சாம்பாருக்கு முருங்கைக்காய் போய்ச் சேராது.

வண்டிக்கு 10 வயது தாண்டிவிட்டது. "வித்துட்டு வேற வாங்கேன்" என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவோம். சிங்கப்பூரில் அது அவ்வளவு எளிதில்லை. வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்ததும் கடந்த மூன்று மாதங்களில் அந்தச் சான்றிதழ் போன சராசரி விலையைக் கட்டி, இன்னும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம். 5 ஆண்டு என்று எடுத்துவிட்டால் மறுபடி நீட்டிக்க முடியாது. சரக்கு வண்டிக்கு மொத்த ஆயுளே 20 ஆண்டுதான். தம்பி 5 ஆண்டுக்குப் பணம் கட்டிவிட்டான். அந்தக் காசு வீணாகாமல் வண்டி ஓடியாக வேண்டும்.

நான் போவதற்கு முன்பே அவன் நிறையச் செலவழித்திருந்தான். முதலில் பேட்டரி. அந்தச் சேவையைப் பாராட்டத்தான் வேண்டும்: போன் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குக் கீழே கார்பார்க்குக்கே வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெர்த்தில் பட்டறையில் இடம் கிடைக்கவே சில நாள் காத்திருக்கும் எனக்கு இந்த வேகம் எப்போதும் வியப்புதான். ஆனால் புது பேட்டரி போட்டும் காலைத் தொல்லை போகவில்லை. அப்புறம் இன்னொரு பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார்கள். அதுவும் பலிக்கவில்லை. மூன்றாவது இடத்தில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலையும் மாற்ற வேண்டும், 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தொகையைக் கேட்டபிறகுதான் தம்பி என்னிடம் வாயைத் திறந்தான்.

மூன்று இடத்திலும் ஒரே குறை. வண்டி எப்போது மறுக்கிறது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சின் சூடாகத்தான் இருக்கும். சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும். பிறகு எதைப் பார்த்து முடிவெடுப்பது? ஊகத்தில் ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள்.

நண்பர் ஒருவர் சொல்லி நாலாவதாக ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே வேலை பார்ப்பவர் ஜோகூர் பாருவில் குடியிருக்கும் தமிழர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிறவர். பானட்டைத் திறக்கும் முன்பே கேள்விகளை அடுக்கினார். காலையில் மட்டுமா, மத்தியானமும் உண்டா? ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? புகை என்ன நிறம்? ராத்திரி எங்கே நிறுத்துகிறீர்கள், மேட்டிலா சமதளத்திலா?

தம்பி யோசித்துச் சொன்னான். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றும், ஆனால் கிளம்ப 20 விநாடி போல ஆகும். கிளம்பியதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை. அதன்பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கட்கிழமைதான் ரொம்பக் கஷ்டம். வண்டியின் மூக்கு மேடு பார்த்தபடி நின்றால் இன்னும் மோசம்.

"நைட்டு இங்கேயே விட்டுட்டுப் போங்க தம்பி. காலையில முதல் ஸ்டார்ட் நான்தான் அடிக்கணும்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் காலை நானும் கூடவே நின்று பார்த்தேன். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் 10-க்குக் கீழே இறங்கவில்லை. 9.6-க்குக் கீழே போனால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆக, மின்சாரப் பக்கம் சுத்தம். கிளம்பும்போது எஞ்சினுக்குள் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்கையும் சோதித்தார், ஆனால் அதன் மேல் அவருக்குப் பெரிய சந்தேகம் இல்லை. நேரடியாக டீசல் பீய்ச்சும் எஞ்சின் நம்மூர் வெப்பத்தில் குளோ பிளக் இல்லாமலே பெரும்பாலும் கிளம்பிவிடும். குளிர் நாடாக இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன் என்றார்.

அப்புறம் ஸ்கேனரை மாட்டி, எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரெயிலின் அழுத்தத்தைப் பார்த்தார். இப்படிப்பட்ட காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் 200, 300 பார் (அழுத்த அலகு) அளவுக்கு ஏறினால்தான் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்கவே விடும். நல்ல வண்டியில் ஒன்றிரண்டு விநாடியில் ஏறிவிடும். இதில் எண் நகரவே மாட்டேன் என்றது. டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரியும் ஒரு குழாயைச் சேர்த்தார். ஸ்டார்ட்டர் சுற்றச் சுற்ற டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று. ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். சட்டென்று கிளம்பிவிட்டது.

டேங்கிலிருந்து எஞ்சின் வரை டீசல் உறிஞ்சித்தான் மேலே வருகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் உறிஞ்சினால் காற்றுதானே வரும், அதே கதைதான். ராத்திரி வண்டி நிற்கும்போது ரப்பர் சீல் வழியாகக் காற்று நுழைய, டீசல் பின்னால் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. மேட்டில் நிறுத்தினால் இன்னும் வேகமாக இறங்கும். உறிஞ்சும் பக்கம் என்பதால் தரையில் சொட்டுக்கூட ஒழுகாது. பட்டறைக்குப் பட்டறை இது தப்பிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. நாலு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பும் குழாய்களிலும் சின்னப் புட்டிகளைச் செருகி எஞ்சினை ஓடவிட்டார். நாலிலும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல். ஏதாவது ஒன்று தேய்ந்திருந்தால் அந்தப் புட்டி மட்டும் சீக்கிரம் நிரம்பியிருக்கும். 2,400 வெள்ளி தேவையில்லை என்பதை எங்கள் கண் முன்னாலேயே காட்டினார்.

கைப்பம்போடு சேர்ந்த ஃபில்டர் தலை, புது ஃபில்டர், விறைத்துப் போன இரண்டு ஹோஸ், கிளிப்புகள். கூலியோடு 280 வெள்ளி. ராத்திரி மறுபடி நிறுத்திவைத்து, காலையில் ஒரே சுற்றில் கிளம்பியதைக் காட்டிய பிறகுதான் காசு வாங்கினார். ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் காற்று உறிஞ்சும் வாயில் எளிதில் தீப்பிடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், குளோ பிளக் உள்ள எஞ்சினில் அது உள்ளேயே வெடிக்கக்கூடும் என்று தம்பியை எச்சரித்தும் அனுப்பினார். மறுபடி மறுக்குமானால் 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்றாமல், அரை நிமிடம் விட்டுச் சுற்ற வேண்டும்.

தம்பிக்கு இன்னொரு பாரமும் இறங்கியது. அணைத்தால் கிளம்பாதோ என்ற பயத்தில், காலை முதல் சரக்கு ஏற்றும்போது எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தான். சிங்கப்பூரில் நிற்கும் வண்டியில் அப்படி ஓடவிடுவது குற்றம், அபராதம் வரும்.

என் வருத்தம் ஒன்றுதான். பெர்த்தில் குறையைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனிக் கட்டணம் வாங்குவார்கள். சிங்கப்பூரில் பலர் அதைக் கேட்பதில்லை, வாடிக்கையாளரும் கொடுக்க விரும்புவதில்லை. அதனால் பாகத்தை விற்றால்தான் பட்டறைக்கு வருமானம் என்றாகிவிடுகிறது. இந்த மனிதர் இரண்டு காலைப் பொழுதைச் செலவழித்தும் சோதனைக்கென்று எதுவும் எழுதவில்லை. நான் வற்புறுத்தி 100 வெள்ளி சேர்த்துக் கொடுத்தேன். கொடுக்க வேண்டிய காசு அது. "சோதனைக்குத் தனியாகத் தருகிறோம், முதலில் காரணத்தைக் காட்டுங்கள்" என்று நாமே கேட்டுவிட்டால் நல்ல கைகளுக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும்.

ஊருக்குப் போகும்போது வீட்டு வண்டியைச் சரிபார்க்க நினைப்பவர்கள் சீனப் புத்தாண்டை ஒட்டிப் போகாதீர்கள், பல பட்டறைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும். 10 வயது தாண்டிய சரக்கு வண்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், அந்தத் தேதியையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை வார நாளில், முந்தின மாலையே வண்டியை விட்டுவிடுங்கள்.