எஞ்சின் சூடாகவே இல்லை, அலாரம் மட்டும் கத்துகிறது

விமானம், கல்யாணம், விருந்து எல்லாம் நல்லபடி முடிந்தது, அதை விடுங்கள். இந்த முறை காரைக்கால் போய்வந்ததில் என் மண்டைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது மச்சானின் அவுட்போர்டு எஞ்சின்தான், அதாவது படகின் பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின்.

நான் போனது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் அரசலாற்றில் கட்டிக் கிடக்கும், ஃபைபர் போட்டுக்காரர்கள் மட்டும் பக்கத்துக் கடலில் போய் வருவார்கள், மீன் விலை ஏறியிருக்கும், அவர்கள் நாலு காசு பார்க்கிற காலமே அதுதான். அந்த நேரம் பார்த்து எஞ்சின் மக்கர் பண்ணிவிட்டது. பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, கயிற்றைச் சுற்றி இழுத்தால், மண்ணெண்ணெய் வாடையோடு கிளம்பிவிடும். இது கம்ப்யூட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக். கரையில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் பூ மாதிரி ஓடுகிறது, கடலில் வேகம் வைத்தால் ‘பீ’ என்று அலாரம், உடனே 2,000 சொச்சம் ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம். எஞ்சின் சூடானால் கம்ப்யூட்டர் தானே வேகத்தைக் குறைக்கும் என்பது சரிதான். ஆனால் கூலிங் தண்ணீர் பக்கவாட்டில் நன்றாகப் பீய்ச்சுகிறது, பிளாக்கில் கை வைத்தால் வைத்தபடி இருக்கலாம்.

டீலரின் சர்வீஸ் சென்டர் பெயரைச் சொல்ல வேண்டாம். லேப்டாப்பைச் சொருகினார்கள், டெம்பரேச்சர் சென்சார் என்று எர்ரர் கோடு வந்தது, சென்சாரை மாற்றினார்கள், பில் போட்டார்கள். மறுநாள் கடலில் அதே ‘பீ’. திரும்பக் கொண்டுபோனால் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டிக் காட்டி “நல்லாத்தானே சார் ஓடுது” என்கிறார்கள். தொட்டிக்குள் வைத்து முழு வேகத்தில் ஓட்ட முடியாது, கோளாறு வருவதோ வேகத்தில்தான், இது அவர்களுக்குத் தெரியாதா? கடைசியில் “ஈசியூ போயிருக்கும், சென்னையிலிருந்து வரணும்” என்று, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்கே, ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரு எஸ்டிமேட். எப்போது வரும் என்றால் பதில் இல்லை. பிரான்சில், மார்செயில் இதே நிலைமை என்றால் மெக்கானிக்கிடம் ரான்தேவு, அதாவது அப்பாயின்ட்மென்ட், கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், அவன் கை வைத்ததும் மணிக்கணக்கில் யூரோ ஓட ஆரம்பித்துவிடும், ஆனால் ஒரு தடவையாவது போட்டில் ஏறித் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பான். இங்கே கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஏசி ரூமை விட்டு ஒருவர் இறங்கவில்லை.

அக்கா மகன்தான் சொன்னான், திருநள்ளாறு ரோட்டுப் பக்கம் டிராக்டர், அறுவடை மிஷின் வயரிங் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று. நெல் அறுக்கிற மிஷினுக்கும் கடல் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குள் ஒரு இளக்காரம். வந்தவரிடம் ஒரு மஞ்சள் மீட்டர், ஒரு டெஸ்ட் லைட், ஒரு கட்டிங் பிளேயர், அவ்வளவுதான். எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் மச்சானிடம் கேட்டார்:

“அண்ணே, எப்பக் கத்துது? ரொம்ப நேரம் ஓடினப்புறமா, வேகம் வச்ச உடனேயா?”

“காலைல கெளம்பி கரையத் தாண்டுறதுக்குள்ளயே கத்துதுப்பா.”

“அப்ப சூடுங்கிறது பொய்.”

இந்த ஒரு கேள்வியை சர்வீஸ் சென்டரில் யாருமே கேட்கவில்லை.

பேட்டரி 12.6 வோல்ட், அது சரி. செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தார். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளில் உப்பு அரித்திருக்கிறது என்று அர்த்தமாம், தாண்டவில்லை. அப்புறம் அக்காவிடம் வெந்நீர் கேட்டார். அக்கா டீ போடத்தான் என்று நினைத்துச் சர்க்கரையும் எடுத்து வைத்துவிட்டது. மனிதர் பழைய சென்சாரையும் புது சென்சாரையும் ஒரே டம்ளரில் முக்கி, ஒவ்வொன்றாக மீட்டரில் பிடித்தார். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற ரகம் அது. இரண்டும் ஒரே மாதிரி இறங்கின. பழையதில் ஒரு குறையும் இல்லை, புதிதுக்குக் கொடுத்த காசு தண்டம்.

சூடானால் ரெசிஸ்டன்ஸ் குறையும் என்றால், அந்த ஒயர் வழியில் எங்காவது எஞ்சின் பாடியைத் தொட்டாலும் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யத்துக்கு வந்துவிடும், கம்ப்யூட்டர் எஞ்சின் கொதிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். ஒயரே அறுந்திருந்தால் தலைகீழாக எஞ்சின் உறைந்து கிடப்பதாக நினைக்கும். இதைச் சொல்லிக்கொண்டே சென்சார் பக்கமும் கம்ப்யூட்டர் பக்கமும் சாக்கெட்டைப் பிரித்துவிட்டு, மீட்டரை, இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் கத்துகிற பஸ்ஸரில் வைத்து, ஒரு முனை ஒயரில், ஒரு முனை பிளாக்கில். சத்தமில்லை. ஹார்னஸை, அதாவது ஒயர்க்கட்டைப் பிடித்து சாண் சாணாக ஆட்டிக்கொண்டே வந்தார், ஒரு பிராக்கெட்டுக்குப் பின்னால் கை போனதும் மீட்டர் கத்தியது. ஆட்டத்தை நிறுத்தினால் மீட்டரும் நின்றது. டேப்பைப் பிரித்தால் உள்ளே ஒயரின் தோல் அரை அங்குலம் தேய்ந்து, செம்பு களிம்பேறிப் பாசிப் பச்சையில் இருந்தது. வேகம் வைக்கும்போது வருகிற அதிர்வில் அது பிராக்கெட்டைத் தொட்டுத் தொட்டு விலகியிருக்கிறது. ஐடிலில் தொடவில்லை, தொட்டியிலும் தொடவில்லை.

பச்சை பிடித்த துண்டை வெட்டி எறிந்து புது ஒயர் ஈயப்பற்று வைத்து, மேலே ரப்பர் ஹோஸைக் கீறி மாட்டி, பிராக்கெட்டை விட்டுத் தள்ளிக் கட்டினார். கனெக்டர் பின்னில் வாஸ்லின். அப்புறம் நாங்கள் சொல்லாமலே போட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார், முழு வேகம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். 500 ரூபாய் கேட்டார். மச்சான் கூடக் கொடுத்ததற்கு “மீன் இருந்தா கொடுங்கண்ணே” என்றார், கொடுவா ஒன்று கொடுத்து அனுப்பினோம்.

ஒரே குறை, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கிக்கொள்ளும் குழாய்) காரைக்கால் கடைத்தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை, சாதா டேப்தான் சுற்றியிருக்கிறது. உப்புக்காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? அடுத்த முறை சென்ட் பாட்டிலுக்குப் பதில் அதைத்தான் வாங்கி வரணும் என்று மச்சான் வாட்ஸ்அப்பில் லிஸ்ட்டே அனுப்பிவிட்டார். தேவையில்லாமல் வாங்க வைத்த அந்த சென்சாரை என்ன செய்வது என்று சர்வீஸ் சென்டரில் கேட்டோம். எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதாம், வேண்டுமானால் ஸ்பேராக வைத்துக்கொள்ளலாமாம்.