சலுகை நோட்டீஸை நம்பி வாராவாரம் மளிகை வாங்குபவர்கள் கவனத்துக்கு

சனிக்கிழமை பேப்பருக்குள் மடித்து வருமே, வழவழ தாளில் ‘இந்த வாரம் மட்டும்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்த நோட்டீஸ், அதைப் பார்த்துப் பட்டியல் போட்டு மளிகை வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் சொல்வது மதுரையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி. பெயர் போடவில்லை. எடைக் குறைவு பற்றிய என் புகார் இன்னும் முடியவில்லை. தவிர, போர்டை மாற்றிவிட்டு இதையே செய்யும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

முன்பு மாதச் சாமானைக் கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கி வந்துவிடுவோம். நடுவில் தீர்ந்துபோனால் தெருமுனை அண்ணாச்சி கடை. வண்டி நிறுத்த இடமில்லை, மூட்டை தூக்க ஆளில்லை என்று கீழமாசி வீதி நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து இந்தக் கடை திறந்தது. வாரத்துக்கு ஒரு நோட்டீஸ், ஏசி, தள்ளுவண்டி, போன் நம்பர் கொடுத்தால் பாயிண்ட். வாரம் இருநூறு முந்நூறு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டோம். நோட்டீஸை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான்.

முதல் கோளாறு தட்டு விலைக்கும் பில் விலைக்கும் இருந்த வித்தியாசம். உருட்டு உளுந்து ஒரு கிலோ, தட்டில் மஞ்சள் அட்டையில் 124 ரூபாய். பில்லில் 138. வெல்லம் அட்டையில் 62, பில்லில் 68. பெரிய தள்ளுவண்டி நிறையச் சாமான் வாங்கி, பின்னால் வரிசையில் ஆட்கள் முனகிக்கொண்டிருக்கும்போது யார் வரி வரியாகப் பார்க்கிறார்கள்? நான் வீட்டுக்கு வந்து சாமானை டப்பாவில் கொட்டும்போதுதான் பார்த்தேன். அடுத்த வாரம் போய்க் கேட்டதற்கு பில் போடும் பெண், பாவம், சின்னப் பெண், “சிஸ்டத்துல இன்னும் அப்டேட் ஆகலைக்கா” என்றது. சரி, ஆகாமல் இருக்கலாம். ஆனால் அப்டேட் ஆகாத பொருள் எதிலும் பில் விலை அட்டை விலையைவிடக் குறைவாக இருந்து நான் பார்க்கவில்லை. எப்போதும் ஒரே பக்கம்தான் தராசு சாய்கிறது.

அதன்பிறகு அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பில் போடப் போனேன். காட்டியதும் மறுபேச்சில்லாமல் விலையைக் குறைத்தார்கள். கேட்பவர்களுக்குக் குறைக்கத் தனியாக ஒரு பட்டனே வைத்திருக்கிறார்கள் போல. கேட்காதவர்கள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இங்கே ஒன்று: எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால்தான் குற்றம், அதற்குக் கீழே எந்த விலை போட்டாலும் கடைக்காரர் இஷ்டம் என்று கடை சூப்பர்வைசர் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். பாதி உண்மை. ஒரு விலையை எழுதி வைத்து ஆளை இழுத்துவிட்டு இன்னொரு விலைக்கு பில் போடுவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே பார்க்கிறது.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்த இடம். அந்தக் கடையே பருப்பு, மிளகு, சீரகம் எல்லாம் கண்ணாடிக் கவரில் அடைத்து, தன் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கும். துவரம் பருப்பு ஒரு கிலோ 139 ரூபாய். வீட்டில் என் மகள் கேக் செய்வதற்கென்று ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறாள். அதில் வைத்தால் கவரோடு 968 கிராம். வீட்டுத் தராசு தப்பாக இருக்கலாம் என்று அண்ணாச்சி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு கிலோ படிக்கல்லை முதலில் வைத்துத் தராசு சரி என்று காட்டிவிட்டு, பாக்கெட்டை வைத்தார். அதே 968. பருப்பைத் தட்டில் கொட்டி வெறும் கவரை மட்டும் எடை போட்டால் எட்டு கிராம். ஆக உள்ளே 960. “நாங்க அஞ்சு கிராம் குறைச்சாலே தெருவே கூடிருமேம்மா” என்று சிரித்தார் அண்ணாச்சி. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

பாக்கெட்டில் போட்டிருக்கும் எடை என்பது கவர் நீங்கலான எடை. இயந்திரத்தில் அடைக்கும்போது முன்பின் ஆகும் என்பதால் ஒரு கிலோ பாக்கெட்டுக்கு 15 கிராம் வரை பிழையை விதி பொறுத்துக்கொள்கிறது. இங்கே குறைந்தது 40 கிராம். காசாகப் பார்த்தால் ஐந்தரை ரூபாய். ‘இதுக்குப் போயா’ என்று என் வீட்டுக்காரரே கேட்டார். ஒரு பாக்கெட்டுக்கு ஐந்தரை. அந்தத் தட்டில் அன்று அடுக்கியிருந்த பாக்கெட்டுகளையும் அதற்குப் பக்கத்தில் இருந்த பாசிப்பருப்பு, கடலைப்பருப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்றேன். சீரகம், ஏலக்காய் மாதிரி விலை கூடிய சாமானில் இதே விகிதம் குறைந்தால் எங்கே போய் நிற்கும்?

எண்ணெய் விஷயத்தில் பாக்கெட் அளவு லிட்டருக்குக் குறைவாக இருந்ததில் சட்டப்படி தப்பே இல்லை, அதுதான் கொடுமை. நோட்டீஸில் பெரிய படம் போட்டு சூரியகாந்தி எண்ணெய் 139 ரூபாய். பக்கத்தில் லிட்டர் என்று எங்கும் எழுதவில்லை. கடையில் போய் எடுத்தால் அது 850 மி.லி. பாக்கெட். அகலமும் உயரமும் லிட்டர் பாக்கெட் மாதிரியே. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 163 ரூபாய்க்கு மேல் வருகிறது. இரண்டு தட்டு தள்ளி இன்னொரு கம்பெனியின் முழு லிட்டர் பாக்கெட் எந்தச் சலுகையும் இல்லாமல் 158-க்கு இருந்தது. முன்பு எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். எத்தனை கிராமிலும் அடைக்கலாம். பதிலுக்கு, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றார்கள்.

நல்ல ஏற்பாடு, ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அங்கே போட்டிருப்பது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட விலை, சலுகை விலைக்கு அல்ல. ஒரு கிலோவுக்கும் லிட்டருக்கும் குறைந்த பாக்கெட் என்றால் கிராம், மில்லி கணக்கில், அதற்கு மேல் என்றால் கிலோ, லிட்டர் கணக்கில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் 0.19, இன்னொன்றில் 185 என்று நிற்கும், அவசரத்தில் ஒன்றும் புரியாது. இரண்டு தசமத்தோடு முடித்துவிடுவதால் மில்லிக்கு 0.19 என்பது லிட்டருக்கு 185-ஆகவும் இருக்கலாம், 194-ஆகவும் இருக்கலாம். போனில் கால்குலேட்டர் இருக்கிறது. பில் விலையை அளவால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். நான் கடை நடுவில் நின்று இதைச் செய்வதை என் மகள் அவமானமாக நினைக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

காம்போ பாக்கெட்டும் அப்படித்தான். குளிக்கும் சோப்பு நாலு சேர்த்துப் பட்டை போட்டு 152. தனி சோப்பு 37. நாலு வாங்கினால் 148. சலுகை என்று எழுதியிருந்தது நாலு ரூபாய் கூடுதலாக வாங்கும் பாக்கெட்டில்.

பாயிண்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த பாயிண்டைக் கழிக்க 1,500 ரூபாய்க்கு மேல் பில் ஆக வேண்டும், சர்க்கரை, எண்ணெய், அரிசி அந்தக் கணக்கில் சேராது, மூன்று மாதத்தில் காலாவதி. இதெல்லாம் போன் நம்பர் வாங்கிப் பாயிண்டில் சேர்க்கும்போது வாயால் சொல்லவில்லை. போன் நம்பர் கொடுத்ததற்குப் பலன், நகைக் கடையிலிருந்தும் இன்சூரன்ஸிலிருந்தும் அழைப்புகள். அந்தக் கடை கொடுத்ததா என்று எனக்கு நிரூபிக்க முடியாது. ஆனால் பில் போட போன் நம்பர் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்குச் சொல்லியிருக்கிறது. ‘நம்பர் இல்லை, பில் போடுங்கள்’ என்று சொன்னால் போட்டுவிடுகிறார்கள். சொல்லிப் பாருங்கள்.

பருப்புப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்கள்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’. மேனேஜர் கடைசியில் இறங்கி வந்து, பணத்துக்குப் பதில் பாயிண்டாக ஏற்றித் தருகிறேன் என்றார். அந்தப் பாயிண்டின் லட்சணம்தான் தெரியுமே, வேண்டாம் என்று வந்துவிட்டேன். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே 2019 சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பில் தர மறுப்பதும் அப்படியே.

1915-க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில், அட்டைப் படம், விலை வித்தியாசம் எல்லாம் கொடுத்துப் பதிவு எண் வாங்கினேன். பிறகு கடையின் தலைமை அலுவலகத்திலிருந்தே ஒருவர் பேசினார், “மேடம், நேர்ல வந்திருந்தா அன்னைக்கே முடிச்சிருப்போமே” என்றார். நேரில்தான் வந்தேன் ஐயா என்றேன். விலை வித்தியாசமும் பருப்புக் காசும் யுபிஐயில் வந்து சேர்ந்தன. எடைக் குறைவு தனி விவகாரம். நம் மாநிலத்தில் எடை அளவைச் சட்டம் தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும். பிரித்த பாக்கெட்டை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நான் பிரிக்காத இன்னொரு பாக்கெட் வாங்கி, பில்லோடு வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆய்வு நடக்கும் என்றார்கள். நடக்கட்டும். கடைத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வைக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அந்தக் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் ஏதோ ஃபிரேம் தெரிந்தது, அதுவா என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை.

இதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பருப்புக்காக நான் அந்தப் படி ஏறவில்லை.

இப்போது எங்கள் வீட்டு வாரச் செலவு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. காய்கறி அண்ணா நகர் உழவர் சந்தையில். 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் தொடங்கியது அதுதான். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்துவிடுகிறார்கள், பேரம் பேசும் வேலை இல்லை. காலையில் சீக்கிரம் போனால்தான் கீரை கிடைக்கும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. கௌரவம் பார்த்து வாங்காமல் விட்டுக்கொண்டிருந்த அதை இப்போது விடுவதில்லை. மற்ற பருப்பு, மிளகு, சீரகம் எல்லாம் அண்ணாச்சியிடம், கண்ணெதிரே எடை போட்டு. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடத்தான். ஆனால் கிலோ கிலோவாக இருக்கிறது.

சூப்பர் மார்க்கெட்டை அடியோடு விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சோப்பு, பேஸ்ட், கம்பெனி சீல் போட்ட சாமானுக்கு இன்னும் போகிறேன், சில சலுகைகள் உண்மையிலேயே நல்ல சலுகைதான். பில்லை மட்டும் கடை வாசலைத் தாண்டுவதற்குள் பார்த்துவிடுகிறேன். நீங்களும் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழவழ பில் தாள் கொஞ்ச நாளில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும், புகாரில் பில் நம்பர் கேட்கும்போது படிக்க முடியாது.