சமரச மையம்: வேலை சுத்தம், படிவத்தில்தான் குழப்பம்

கூட்டுத்தொழிலைப் பிரித்துக்கொள்ள நினைப்பவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் ஒருதடவை போய் உட்கார வேண்டிய இடம் இந்தத் தனியார் சமரச மையம். நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஓர் அச்சகம் நடத்தினோம். பிரியும்போது கணக்கில் தகராறு வரவில்லை. மற்ற எல்லாவற்றிலும் வந்தது. மையத்துக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று சொற்களுக்காக.

பதிவுப் படிவத்தின் முதல் பக்கத்தில் 'நடுவர்' என்று போட்டிருக்கிறார்கள். கட்டண விவரத்தில் அதே ஆள் 'மத்தியஸ்தர்' ஆகிறார். கையெழுத்துப் போடும் இடத்தில் 'சமரசர்'. எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. நடுவர் என்றால் இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்பவர். பட்டிமன்றத்திலும் ஆடுகளத்திலும் அப்படித்தான். 1990இல் அமைத்த காவிரி நடுவர் மன்றம் 2007இல் கொடுத்ததும் இறுதித் தீர்ப்புத்தான். சமரசருக்கு அந்த அதிகாரம் கிடையாது; இரண்டு பக்கமும் தாங்களே பேசி முடிக்க உதவுபவர் அவர். என் கூட்டாளி முதல் பக்கத்தை நம்பி வந்தவர். ரசீதுகளை ஃபைல் ஃபைலாகக் கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, "நீங்களே பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்க மேடம்" என்றார். "தீர்ப்பு என் கையில இல்லைங்க, உங்க ரெண்டு பேர் கையிலதான் இருக்கு" என்று சமரசர் புரியவைப்பதற்குள் முதல் அமர்வு பாதி கரைந்துவிட்டது.

சிங்கப்பூர் உடன்படிக்கை என்று பரவலாக அழைக்கப்படும் ஐ.நா. உடன்படிக்கையைப் படித்தபோது இந்த விஷயம் இன்னும் தெளிவானது. 2019 ஆகஸ்ட் 7 அன்று 46 நாடுகள் அதில் கையெழுத்திட்டன. 2020 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமரசத்தில் முடிந்த பன்னாட்டு வணிக ஒப்பந்தங்களுக்குச் சட்ட பலம் கொடுப்பது அதன் நோக்கம். எந்தச் சொல்லால் அழைத்தாலும் சரி, தரப்பினர் மேல் முடிவைத் திணிக்கும் அதிகாரம் இல்லாத மூன்றாமவரின் உதவியோடு நடப்பதுதான் சமரசம் என்று அதில் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். மையத்தின் படிவத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே போதும்.

இனி, வேலை நடந்த விதம். எங்களுக்குள் முட்டி நின்றது இயந்திரத்தில் அல்ல, அச்சகத்தின் பெயரில். இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை. சமரசர் எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார். என்னிடம், "அந்தப் பேரு உங்களுக்கே வந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். மறுநாள் காலையில அதை வச்சு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். பழைய வாடிக்கையாளர்கள் என்னைத் தேடி வர வேண்டும், அதுதான் என் கவலை என்றேன். எழுந்து போகுமுன் நோட்டை என் பக்கம் திருப்பி, "இதுல எதை அவர்கிட்ட சொல்லலாம், எது நம்மோட நிக்கணும்?" என்று வரிவரியாகக் கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்ன வரிகளை என் கண்முன்னே அடித்தார். அந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கூட்டாளிக்கு அந்தப் பெயர் ஏன் வேண்டும் என்பது கடைசியில் அவர் வாயாலேயே வந்தது. அது அவருடைய அம்மாவின் பெயர். பெயர் அவருக்கு, வாடிக்கையாளர்கள் கூப்பிடும் பழைய ஃபோன் எண் எனக்கு என்று நாங்களே பேசி முடித்தோம். இந்த யோசனையைச் சமரசர் முன்கூட்டியே ஊகித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எங்களில் ஒருவர் சொல்லும்வரை பேசாமல் காத்திருந்தார்.

தரகராக இருந்திருந்தால் பேரம் முடிகிற அவசரம் இருந்திருக்கும். தூதராக இருந்திருந்தால் ஒருவர் சொன்னதை அப்படியே மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். இலங்கையில் 2002 போர்நிறுத்த உடன்பாட்டுக் காலத்தில் நோர்வேயை அங்கத்தைய தமிழ் ஏடுகள் 'அனுசரணையாளர்' என்று எழுதின. இரு தரப்பும் பேசுவதற்கு வழி செய்து கொடுப்பவர், அதற்கு மேல் உரிமை கோராதவர் என்ற அளவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எனக்கு அதைவிடவும் பிடித்தது தொல்காப்பியக் கற்பியலின் 'வாயில்'. ஊடலில் இருக்கும் தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே போய்ப் பேசுகிறவர்கள் வாயில்கள். தோழி, பாணன், விருந்தினர் தொடங்கி, கண்டோர் வரை பன்னிரண்டு பேரை அந்த நூற்பா அடுக்குகிறது. அகப்பாட்டில் வந்தவர் பேச்சுக்கு இசையும் 'வாயில் நேர்தல்' உண்டு, இசையாத 'வாயில் மறுத்தல்' என்றும் ஒரு துறை உண்டு. வருகிறவர் யாராக இருந்தாலும் 'முடியாது' என்று திருப்பி அனுப்பும் உரிமை தலைவியிடமே இருந்தது. அந்த உரிமை எங்களிடமும் கடைசிவரை இருந்தது. கையெழுத்துப் போடும் நிமிடம்வரை எழுந்து போகலாம் என்று சமரசர் பலமுறை நினைவூட்டினார்.

ஒப்பந்தம் எழுதும்போது அவர் காட்டிய கறார் தனியாகச் சொல்ல வேண்டியது. 'விரைவில்' என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் தேதி கேட்டார். 'இருவரும் பார்த்துக்கொள்வார்கள்' என்பதை அடித்துவிட்டு, எந்த வேலை யாருடையது என்று பெயர் போட வைத்தார்.

எல்லா வழக்குக்கும் இது ஒத்துவராது. எதிர்த்தரப்பு கணக்கை மறைக்கிறது, மிரட்டுகிறது, உடனடியாகத் தடையுத்தரவு வேண்டும் என்றால் நேரே நீதிமன்றத்துக்குப் போங்கள். யார் சரி என்று ஒருவர் சொல்லியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு உண்மையான நடுவர்தான் தேவை. மற்றவர்கள் பதிவு செய்யும்போதே தனி அமர்வுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரைவு ஒப்பந்தத்தை உங்கள் வக்கீலிடம் காட்டி வரவும் அவகாசம் தருகிறார்கள். நான் கேட்காமலே கொடுத்தார்கள்.