கோண்டூர் வேப்பமரத்தடிப் பட்டறையும் எங்கள் மாருதியின் டாப்பெட் சத்தமும்

எங்கள் வீட்டு மாருதி 800, அப்பா 1998-இல் வாங்கிய கார்புரேட்டர் வண்டி. மாதம் ஒருமுறை அம்மாவைக் கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துச் செல்வது இன்றும் அதில்தான். கடந்த தை மாதத்தில் ஒருநாள் அரியாங்குப்பம் நெரிசலில் நின்றிருந்தபோது, எஞ்சினிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் சீராக வரத் தொடங்கியதை அம்மாதான் முதலில் கவனித்துச் சொன்னார். புறப்பட்டபோது இல்லாத அந்தச் சத்தம், வண்டி சூடேறிய பிறகு தெளிவாகக் கேட்டது.

முதலில் காட்டிய பட்டறையின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. அங்கே மூடியைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, ஆயிலில் கெட்டியான ஒரு கலவையை ஊற்றினார்கள். பத்து நாள் அமைதியாக இருந்தது, பிறகு சத்தம் முன்னிலும் அதிகமாகத் திரும்பியது. மறுபடி சென்றபோது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டும், 25,000 ரூபாய் வரை ஆகும் என்றார்கள். எந்தச் சோதனையும் செய்யாமல் சொல்லப்பட்ட தொகை என்பதால் மனம் ஒப்பவில்லை. உறவினர் ஒருவர் சொல்லித்தான் நெல்லிக்குப்பம் சாலையில் கோண்டூர்ப் பக்கம் உள்ள இந்தச் சிறிய பட்டறைக்குச் சென்றேன். இதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. 2011 தானே புயலில் பாதி ஒடிந்து மீண்டும் தழைத்த வேப்பமரம் ஒன்று வாசலில் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும்.

இங்குள்ள மெக்கானிக் அண்ணன் ஐம்பதைக் கடந்தவர். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் கேட்பதற்கு மட்டுமே செலவிட்டார். முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலின் அளவைப் பார்த்தார். ஆயில் குறைந்தாலே மேல்பகுதிக்குப் போதிய எண்ணெய் எட்டாமல் இப்படிச் சத்தம் வரும் என்றார். அளவு சரியாக இருந்தது. அடுத்து, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, சத்தத்தின் தாளத்தை விரலால் மட்கார்டில் தட்டிப் பார்த்தார். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது, காற்றையும் புகையையும் விடும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும் என்பதால், எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடினால் ஒரு வால்வு 400 முறைதான் திறந்து மூடும். பேரிங்கிலிருந்து எழும் சத்தமானால் கிராங்கின் வேகத்தையே பின்பற்றும், கனத்தும் ஒலிக்கும். எங்கள் வண்டியின் சத்தம் பாதி வேகத்தில், மெல்லியதாக, மேலிருந்து வந்தது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் அந்த சிலிண்டரின் வயரை எடுத்ததும் சத்தம் தணியும், இங்கே தணியவில்லை. பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை, புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இணைப்பு நெடுகிலும் நகர்த்தினார். இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் விட்டுப்போய்ப் புகை கசிந்தாலும் இதே ‘டிக் டிக்’ கேட்குமாம். ஆனால் அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உரக்க ஒலித்து, இரும்பு சூடேறி விரிந்ததும் அடங்கும், இணைப்பின் ஓரத்தில் கரியும் படிந்திருக்கும். எங்கள் சத்தமோ சூடேறிய பிறகு கூடுகிறது. இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டில் அது விரியும்போது, வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியும் கூடுகிறது என்று அவர் விளக்கியபோதுதான், அம்மா கவனித்த சத்தம் ஏன் புறப்பட்டபோது கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. கடைசியாக நீளமான ஸ்க்ரூ டிரைவரை டாப் கவரின் மேல் இடம் மாற்றி மாற்றி ஊன்றிக் காதைப் பிடியில் வைத்துக் கேட்டு, மூன்றாம் சிலிண்டரின் பக்கம் விரலைக் காட்டினார்.

டாப்பெட் இடைவெளி என்று சொல்லப்படும் இதைக் குளிர்ந்த எஞ்சினில்தான் அளக்க வேண்டும் என்பதால் வண்டியை அன்றிரவு அங்கேயே விட்டேன். மறுநாள் காலை கவரைத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, மெல்லிய தகடுகளால் ஆன ஃபீலர் கேஜால் ஆறு வால்வுகளையும் அளந்தார். குளிர்ந்த நிலையில் 0.13 முதல் 0.18 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஐந்து வால்வுகள் 0.20-ஐ ஒட்டி இருந்தன. சத்தம் போட்ட மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வோ 0.15 என்று மிகச் சரியாகக் காட்டியது. நானாக இருந்தால் அங்கேயே குழம்பியிருப்பேன். அவர் அந்த ராக்கரில் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைக் கழற்றி, முனையை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். நடுவில் சின்னக் குழி விழுந்திருந்தது. தட்டையான ஃபீலர் தகடு குழிக்குள் இறங்காமல் அதன் விளிம்புகளின் மேல் பாலம்போல் படுத்துக்கொள்கிறது. உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். வால்வுத் தண்டின் முனை நன்றாகவே இருந்தது.

அந்த ஸ்க்ரூ கடலூரில் கிடைக்காமல், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து வர இரண்டு நாள் ஆயிற்று. மாருதி 800 தயாரிப்பு 2014-இலேயே நின்றுவிட்டாலும், இதே 796 சிசி எஞ்சின் ஆம்னியிலும் இருந்ததால் உதிரிபாகத்துக்கு இன்னும் பஞ்சமில்லை என்பது ஆறுதல். புது ஸ்க்ரூ, டாப் கவர் கேஸ்கெட், பழைய கலவையை வடித்துவிட்டு ஊற்றிய 20டபிள்யூ-40 ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய் கொடுத்தேன்.

இப்போது வண்டி தையல் மிஷின் ஓடுவதுபோல் ஒரு மெல்லிய ஒலியோடு ஓடுகிறது. அதையும் அடக்க முடியுமா என்று கேட்டேன். “டாப்பெட் கொஞ்சம் பேசணும் சார். சுத்தமா பேசாம இருந்தாதான் பயப்படணும்” என்றார். இடைவெளியை அளவுக்கு மீறி இறுக்கினால் சத்தம் போய்விடும். ஆனால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் முழுதாகப் பொருந்தாது. வால்வின் வெப்பம் பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகத்தான் வெளியேறுகிறது. பொருந்தாத வால்வு எரிந்து, சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தமான கம்ப்ரஷன் போய், பிறகு ஹெட்டை இறக்கியே தீர வேண்டும். வாடிக்கையாளர் கேட்ட அமைதியைக் கொடுத்து அனுப்புவது அவருக்கு எளிது, அவர் மறுத்தார். இந்தப் பட்டறையின் மேல் எனக்கு மதிப்புக் கூடியது அந்த மறுப்பால்தான்.

குறைகளும் உண்டு. உட்கார ஒரு பெஞ்சைத் தவிர வேறு வசதி இல்லை, வெயில் நேரத்தில் முதியவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். தொலைபேசியை எடுப்பதில்லை, ஸ்க்ரூ வந்துவிட்டதா என்று அறிய இருமுறை நேரில் போக நேர்ந்தது. ரசீது கேட்டால்தான் எழுதித் தருகிறார். பழைய ஸ்க்ரூவை மட்டும் கேட்காமலே காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

டாப்பெட் வேலைக்குப் போகிறவர்கள் முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் வண்டியைக் கொண்டுபோய், சூடாக இருக்கும்போதே சத்தத்தை அவரிடம் கேட்கச் செய்து, சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். காலையில் ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சின் ஆறும் வரை அந்த வேப்பமர நிழலில் காத்திருக்க வேண்டியிருக்கும்.