நட்சத்திரத்தின் விட்டத்தை அளக்க எது நல்லது: சாராவா, வெரிடாஸா?

ஒற்றைத் தொலைநோக்கியில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பெரும்பாலான நட்சத்திரங்கள் வெறும் புள்ளிதான். விட்டத்தை அளக்கத் தள்ளித் தள்ளி நிற்கும் பல தொலைநோக்கிகளைச் சேர்த்து வேலை வாங்க வேண்டும். இதில் இரண்டு வழிகள் உண்டு: ஒளியையே ஒன்றுசேர்ப்பது (சாரா தொலைநோக்கி அணியின் வழி), அல்லது ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கங்களை மட்டும் ஒப்பிடுவது (வெரிடாஸ் அணியின் வழி).

முதல் வழி பழையது. 1920-ல் மைக்கல்சன், பீஸ் குழு கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் திருவாதிரையின் கோண விட்டத்தை, அதாவது வானில் அது தெரியும் அகலத்தை, சுமார் 0.047 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) என்று அளந்தது. இன்று அதே மலையில் சாரா அணி இருக்கிறது. ஆறு 1 மீட்டர் தொலைநோக்கிகள், அதிகபட்ச இடைவெளி சுமார் 330 மீட்டர். வெற்றிடக் குழாய்கள் வழியே வரும் ஒளியின் பாதை நீளத்தை, தண்டவாளத்தில் ஓடும் கண்ணாடி வண்டிகள் மைக்ரான் கணக்கில் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஒளிகள் சேரும்போது உண்டாகும் வெளிச்சமும் இருளுமான குறுக்கீட்டுப் பட்டைகளைக் காற்றின் சலனமும் கலைக்கும். இத்தனை பாடுபடுவதற்கும் பலன் உண்டு: திருவோணம் வேகமாகச் சுழல்வதால் நடுப்பகுதி புடைத்திருப்பதை 2007-ல் படமாகவே காட்டினார்கள்.

இரண்டாவது வழி ஹான்பரி பிரவுன், ட்விஸ் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டது. பிரவுன் பிறந்தது நம் நீலகிரி அரவங்காட்டில், 1916-ல். ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரண்டு 6.5 மீட்டர் கண்ணாடிகளை ஓட்டி 32 நட்சத்திரங்களை அளந்தார்கள். இங்கே சேர்வது ஒளி அல்ல, மின்சைகை. அதனால் பாதை நீளத்தில் சில சென்டிமீட்டர் பிசகினாலும் பரவாயில்லை. காற்றின் சலனமும் தொல்லை தராது. ஆனால் சைகை மிக மெலிது. பிரகாசமான, சூடான நட்சத்திரங்களுக்குத்தான் இது ஒத்துவரும். ஒளி அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்ற கட்டத் தகவல் தொலைந்துபோவதால் படம் எடுப்பதும் கடினம்.

அரிசோனாவின் வெரிடாஸ் இந்த வழிக்குப் புது உயிர் கொடுத்திருக்கிறது. அது காமா கதிர்களுக்காகக் கட்டிய நான்கு 12 மீட்டர் தொலைநோக்கிகள். நிலவு பிரகாசிக்கும் இரவுகளில் காமா வேலை சிரமம். அந்த இரவுகளில் நட்சத்திரங்களை அளக்கிறார்கள். மிர்சாம், அல்னிலாம் இரண்டின் விட்டங்களும் 2020-ல் வெளியாயின. அலைநீளம் குறைந்த நீல ஒளியில் அளப்பதால் அதே இடைவெளிக்கு அகச்சிவப்பைவிடக் கூடுதல் நுணுக்கமும் கிடைக்கிறது.

மேற்பரப்பையோ வடிவத்தையோ பார்க்க வேண்டுமா, நட்சத்திரம் குளிர்ந்ததா? நான் யோசிக்காமல் சாராவைத்தான் சொல்வேன். சூடான நீல நட்சத்திரத்தின் விட்டம் மட்டும் போதும் என்றால் வெரிடாஸ் வழியே மேல். அதில் இடைவெளியைக் கிலோமீட்டர் கணக்கில் கூட்டலாம், வெற்றிடக் குழாய் தேவையில்லை. சிலியில் எழும் செரென்கோவ் என்ற காமா கதிர்த் தொலைநோக்கி அணியில் இப்படி ஒளிச்செறிவை ஒப்பிடும் கருவிகளையும் பொருத்திவிட வேண்டும் என்பது என் பெரிய ஆசை.